குளமும் நத்தையும் கறவை மாடும்

(நாஞ்சில் நாட்டுக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



நாஞ்சில் நாட்டுக் குடியானவர் ஒருவருடைய ஆஸ்தியைக் கணக்கிடப் புகுந்தால், வயல், வீடு, மாடு என்னும் மூன்றையும் எழுதிக்கொள்வது வழக்கம். குளத்தை எவரும் எழுதுவதில்லை. அது ஊருக்குப் பொது என்பதே காரணம். ஆனால் 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் ஜலம் சானல்கள் வழியாகத் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களுக்கு வந்து, குளங்களில் தங்கி, மடை வழியே பாய்ந்தால்தான் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைகின்றன. மாடு குடிப்பதும் அந்த ஜலமே. மாடு தின்னும் வைக்கோல் முளைப்பதும் அந்த ஜலத்திலே. ஆகையால் குளம் நோயுற்றால், முதலில் எழுதப்பட்ட மூன்று ஆஸ்திகளும் குறைவுபடும். இந்தச் சம்பந்தத்தை விளக்குவதே இப்பிரசங்கத்தின் நோக்கமாகும்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஓர் அங்கத்தினர் சங்கத்தில் கடன் பெற்று ஒரு கறவைப் பசு வாங்குகிறார். பசு நாளொன்றுக்கு எட்டு லிட்டர் பால் கறக்கிறது. தவணைப் பணம் பால் பணத்திலிருந்தே பிடிக்கப்படுகிறது. சில மாதங்கள் சென்றபின் பசுவின் மயிர் பளபளப்புக் குறைகிறது. தீனி தின்றும் உடம்பு தேறவில்லை. எட்டு லிட்டர் ஆறு லிட்டராகிறது. கழிச்சல் காண்கிறது. கண்ணின் உட்புறம் வெளுக்கிறது. பின்னர் ஒரு நாள் தாடையின் கீழ்ப் பை போன்று நீர் கோத்துத் தொங்குகிறது. வீட்டார் கண்ணேறு என்கிறார்கள். பிண்ணாக்கில் கலப்படம் என்கிறார்கள். பசுவை விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்கிறார்கள். தவணை நின்றுபோகிறது. சங்கத்தின் புத்தகத்தில் அவர் பெயர் பாக்கிதாரர் வரிசையில் ஏறுகிறது.

அவர் சோம்பேறியுமல்லர், வஞ்சகருமல்லர். அவருடைய பசுவின் ஈரலில் புழு புகுந்துவிட்டது. அப்புழு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், விசாரணை குளத்தங்கரையில் சென்று முடியும்.

ஈரல் புழுவின் யாத்திரை

ஈரல் புழு என்பது இலை போன்ற வடிவமுள்ள ஒரு தட்டைப்புழு. அது மாட்டின் ஈரலிலுள்ள பித்தக் குழாய்களில் தங்கி, நாள்தோறும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். முட்டைகள் சாணியோடு வெளிப்படும். சாணி காய்ந்து கிடந்தால் முட்டை பயனற்றுப்போம். சாணி ஜலத்தில் சேர்ந்தால், சில வாரங்களில் முட்டை பொரித்து, கண்ணுக்குத் தோன்றாத ஒரு சிறு குஞ்சு நீந்தத் தொடங்கும். அது ஏறக்குறைய ஒரு நாளுக்குள் ஒரு நத்தையைக் கண்டுபிடித்தாக வேண்டும், இல்லையேல் மடிந்துபோம். எந்த நத்தையும் அதற்கு உதவாது. மெல்லிய ஓடும், கூரிய முனையும், அகன்ற வாயுமுள்ள லிம்னியா என்னும் சிறு நத்தையே அதற்கு வீடாகும்.

நத்தைக்குள் நுழைந்த ஒரு குஞ்சு அங்கே பலவாகப் பெருகி, சில வாரங்கள் கழித்து நூற்றுக்கணக்கான வால்முளைத்த குஞ்சுகளாக வெளிவரும். இவை ஜலமட்டத்திலுள்ள புல்லிலும் நெற்றாளின் அடிப்பாகத்திலும் ஒட்டிக்கொண்டு, வாலை உதிர்த்து, கூடு கட்டிக்கொண்டு காத்திருக்கும். மாடு அப்புல்லையோ ஈரத்தாளையோ தின்னும்போது கூடு வயிற்றினுள் உடைந்து, புழு குடலைத் துளைத்து, ஈரலை அரித்துச் சென்று, பித்தக் குழாயை அடையும். அங்கே முதிர்ந்து முட்டையிட மூன்று நான்கு மாதங்களாகும். எனவே, பசு இளைப்பதை இன்று காணும் ஒருவர் நேற்றைத் தீனியில் குற்றம் தேடினால் காணமாட்டார். வினை விதைக்கப்பட்டது முந்திய போகத்திலே.

இவ்விடத்தில் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஈரல் புழு மாட்டின் உடலில் பெருகுவதில்லை. மாட்டின் ஈரலில் ஐம்பது புழுக்கள் இருந்தால், அம்மாடு குறைந்தது ஐம்பது கூடுகளை விழுங்கியிருக்க வேண்டும். பெருக்கமெல்லாம் நத்தையிலேயே நடக்கிறது. ஆகவே நோயின் விளைநிலம் தொழுவமன்று, ஜலமே விளைநிலம்.

மூக்கடைப்பு நோய்

குளத்தைச் சார்ந்த மற்றொரு நோயும் உண்டு. மாடு குறட்டை விடுவதுபோல் மூச்சு வாங்கும்; மூக்கிலிருந்து சளி ஒழுகும்; மூக்கினுள் பூக்கோசு போன்ற சதை வளரும். இதன் காரணம் மூக்கின் இரத்தக் குழாய்களில் வாழும் ஒரு புழு. 1933-ஆம் ஆண்டில் ராவ் என்னும் இந்திய மிருக வைத்திய அறிஞர் அதனை விவரித்துப் பெயரிட்டார். இப்புழுவின் முட்டை மூக்குச் சளியோடு, மாடு குளத்தில் வாய் வைத்துக் குடிக்கும்போது, நேரே ஜலத்தில் விழும். இதற்கு வீடாவது ஆட்டுக்கடாவின் கொம்பைப்போல் தட்டையாகச் சுருண்ட வேறொரு நத்தை. நத்தையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளை மாடு விழுங்க வேண்டியதில்லை. ஜலத்தில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்தே அவை உட்புகும். இவ்வினத்துக் குஞ்சுகள் மனிதரின் தோலிலும் நுழைய முயன்று, வளர வழியின்றி அங்கேயே மடியும். நடவு வயலில் நின்றவர்களின் காலில் காணும் அரிப்புக்கும் தடிப்புக்கும் இது ஒரு காரணமாகும்.

எருமைக்கு இப்புழு இருந்தாலும் பெரும்பாலும் வெளியே குறி தோன்றாது. 'எருமைக்கு ஒரு குறையுமில்லை. நாள் முழுவதும் குளத்தில் கிடந்தாலும் நன்றாகவே இருக்கிறது' என்று அதன் சொந்தக்காரர் உண்மையாகவே நம்புவார். ஆனால் குறியற்ற எருமை இடும் முட்டை அடுத்த வீட்டுப் பசுவின் மூச்சை அடைக்கிறது. இதில் எருமையின் சொந்தக்காரரைக் குற்றவாளியாக்கிப் பயனில்லை. ஒருவர் தம் தொழுவத்தை மட்டும் காத்து இந்நோயை வெல்ல முடியாது என்பதே இதனால் அறிய வேண்டுவது.

ஊசியால் தீர்ந்த நோயும், ஊசியால் தீராத நோயும்

மாடுகளைக் கூட்டங் கூட்டமாக மடித்த வெக்கை நோயைப் பற்றி வயது முதிர்ந்தவர்கள் கேட்டிருப்பார்கள். அந்நோய் இன்று உலகத்திலேயே இல்லை. இந்தியாவில் 1954-ஆம் ஆண்டில் தேசமளாவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பட்டது. 1995-ஆம் ஆண்டுக்குப் பின் இத்தேசத்தில் அந்நோய் காணப்படவில்லை. 2011-ஆம் ஆண்டில் உலகமெங்கும் அது ஒழிந்ததென்று பிரகடனம் செய்யப்பட்டது. அம்மை நோய்க்குப் பின் மனிதர் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் இதுவே.

இந்த வெற்றியைக் கண்டவர்கள், எல்லா மாட்டு வியாதிகளுக்கும் ஊசி ஒன்று வந்தால் போதும் என்று நினைப்பது இயற்கை. ஆனால் வெக்கை நோய்க் கிருமிக்கு உயிருள்ள பிராணியின் உடலையன்றி வேறு வாசஸ்தலம் இல்லை. தடுப்பூசி பெற்ற மாடுகள் பெருகியபோது கிருமி தங்க இடமின்றி அழிந்தது. ஈரல் புழுவுக்கோ மாடு ஒரு வீடு, நத்தை ஒரு வீடு, ஜலமும் புல்லும் வழித்தங்கல். இதற்குத் தடுப்பூசி இன்றளவும் நடைமுறைக்கு வரவில்லை. குடல்புழு மருந்து உண்டு, அது நல்லதே. ஆயினும் பல மருந்துகள் முதிர்ந்த புழுவையே கொல்லும். ஈரலை அரித்துக்கொண்டிருக்கும் இளம் புழு தப்பிவிடும். தப்பாவிடினும், மருந்துண்ட மாடு மறுநாள் அதே கரையில் மேய்ந்தால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஒரே மருந்தை அளவு குறைத்து அடிக்கடி கொடுத்தால், புழு அம்மருந்துக்குப் பழகிப்போகவும் கூடும்.

நத்தையைக் கொன்றுவிடலாமா?

அப்படியானால் குளத்தில் மயில்துத்தத்தைக் கரைத்து நத்தையை அடியோடு கொன்றுவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். முற்காலத்தில் பல தேசங்களில் அவ்வாறு செய்ததுண்டு. அதனால் நத்தை சாகும், மீனும் சாகும், செம்புச் சத்து சேற்றில் தங்கும். மீன் பாசி ஏலம் எடுத்தவருக்கு நஷ்டம். சில மாதங்களில் சானல் ஜலத்தோடு புதிய நத்தைகள் வந்து சேரும். கொம்பு போலச் சுருண்ட அந்த நத்தை ஆணும் பெண்ணும் ஒன்றேயான பிராணி. ஒரே நத்தை வந்தாலும் வம்சம் பெருகும். அதைத் தின்னும் மீன் முதலிய பிராணிகளோ அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. எனவே மருந்திட்ட குளம் முன்னிலும் அதிக நத்தையுள்ள குளமாகலாம்.

நத்தை ஏன் பெருகியது என்று கேட்பதே அறிவுடைமை. வயலில் அளவுக்கு மிஞ்சி இட்ட உரம் வடிகாலோடு குளத்தைச் சேர்கிறது. ஊர்ச் சாக்கடையும் சேர்கிறது. அந்தச் சத்தால் பாசியும் நீர்க்கொடியும் ஆகாயத்தாமரையும் செழிக்கின்றன. நத்தைக்குப் பாசி உணவு, கொடி தொட்டில், தன் முட்டைகளை இலையின் அடியில் பசை போல் ஒட்டிவைக்கும். தூர் வாராத குளத்தின் ஆழமற்ற ஓரங்கள் அதற்கு ஏற்ற மனை. ஆகவே நத்தையின் பெருக்கம் நோயின் காரணமாவதோடு, குளம் சீர்கெட்டதன் அறிகுறியுமாகும்.

ஆப்பிரிக்காவில் செனகல் நதியின் முகத்துவாரத்துக்கு அருகில் 1986-ஆம் ஆண்டில் ஓர் அணை கட்டினார்கள். உப்பு ஜலம் உள்ளே வராமல் தடுத்து, விவசாயத்துக்கு நன்னீர் தந்தது அவ்வணை. ஆனால் முட்டையிடக் கழிமுகத்துக்குச் சென்று திரும்பும் ஆற்று இறால்களின் வழி அடைபட்டது. நத்தையைத் தின்பவை அவ்விறால்கள். நன்னீரில் கொடியும் நத்தையும் பெருகின. சில ஆண்டுகளுக்குள் அக்கரையோர ஜனங்களை நத்தையால் பரவும் இரத்தப்புழு நோய் பெருவாரியாகப் பிடித்தது. 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி அதே பிரதேசத்தைப் பற்றியது. ஜனங்கள் இறங்கும் துறைகளிலிருந்து நீர்க்கொடியை வாரி அப்புறப்படுத்தினார்கள். நத்தை குறைந்தது, சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்குக் குடலைச் சார்ந்த இரத்தப்புழு நோய் மீண்டும் தொற்றுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வாரிய கொடியை எருவாக்கி வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டதில் விளைச்சல் கூடிற்று. ஆட்டுக்குத் தீனியாகவும் அது பயன்பட்டது. நோய்க்குக் காரணமான பொருளே வயலுக்கு வரவாயிற்று.

தாராவின் உதவி

நாஞ்சில் நாட்டாருக்கு அதிக அணுக்கமான உதாரணம் ஜாவாத் தீவிலிருந்து கிடைக்கிறது. அங்கும் நெல்வயல், அங்கும் மாடு, அங்கும் தாரா. ஆராய்ச்சியாளர்கள் எல்லா வயல்களையும் சோதித்ததில், ஈரல் புழுக் குஞ்சுகள் நிறைந்த நத்தைகள் எங்கும் பரவியிருக்கவில்லை. தொழுவத்துச் சாணி ஜலம் நேரே வடியும் வயல்களிலேயே இருந்தன. நெற்றாளில் கூடுகள் ஒட்டியிருந்தது பெரும்பாலும் அடி மூன்றில் ஒரு பங்கிலேயே. மேற்றாள் ஏறக்குறையத் தூயது.

தாராவின் குடலிலும் வேறொரு தட்டைப்புழு உண்டு. அதன் குஞ்சும் அதே நத்தையில்தான் வளர்கிறது. ஒரே நத்தைக்குள் இரண்டும் நுழைந்தால், தாராப் புழுவின் குஞ்சு மாட்டுப் புழுவின் குஞ்சைத் தின்றுவிடும். ஆகவே மாட்டுத் தொழுவத்தின் அருகே தாராக்களை அடைத்து, இரண்டின் எச்சமும் ஒன்றாகக் கலந்து வயலைச் சேரும்படி செய்தபோது, மாட்டுக்கு ஊறு செய்யும் குஞ்சுகள் குறைந்தன. விஷம் இல்லை, செலவு இல்லை, முட்டை வருமானம் வேறு.

ஆயினும் இதிலும் விவேகம் வேண்டும். 2014-ஆம் ஆண்டில் அண்டையிலுள்ள குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் புகுந்து, தாராக்கள் பெருந்தொகையாக மடிந்ததும் அழிக்கப்பட்டதும் யாவரும் அறிந்ததே. அக்கிருமி நீர்ப்பறவைகளிடையே உலவுவது. சுசீந்திரம், தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் தூர தேசத்துப் பறவைகள் வந்து தங்கும் இடங்கள். அதன் பொருட்டே அவை 2022-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளாகப் பதிவு பெற்றன. ஆகையால் தாராக்களைத் தொழுவத்தருகிலும் வயலிலும் வைத்துக்கொள்வதே தகும். வலசைப் பறவைகள் கூடும் குளத்தில் மந்தையாக இறக்குவது தகாது. தாராக்கள் கூட்டமாகச் செத்தால் அவற்றைக் குளத்தில் எறியாமலும் விற்காமலும் உடனே கால்நடை மருந்தகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கவை

இனி, அங்கத்தினர்கள் கூடிச் செய்யத்தக்க காரியங்கள் ஆறு.

முதலாவது, மாடு குளத்தில் இறங்காமல் குடிக்க வசதி செய்தல். கரைக்கு மேலே ஒரு தொட்டி கட்டி, குழாய் ஜலமோ கிணற்று ஜலமோ நிரப்பினால் போதும். தொட்டியைச் சுற்றிச் சேறு தேங்கலாகாது. மாடு குளிப்பாட்டக் கொடியற்ற, கல் பாவிய ஒரு துறையை ஒதுக்கலாம்.

இரண்டாவது, சாணியைப் பச்சையாக வயலுக்கோ ஓடைக்கோ விடாமல் குழியிலிட்டு மக்கச் செய்தல். நன்றாக மக்கும் எருவின் சூடு புழு முட்டைகளைக் கொல்லும். எருவும் உயர்ந்ததாகும்.

மூன்றாவது, தீனியைக் கவனித்தல். ஜல ஓரத்துப் புல்லை அறுப்பவர்கள் ஜலமட்டத்துக்கு மேலே அறுக்க வேண்டும். புது வைக்கோலை மூன்று நாளேனும் நல்ல வெயிலில் உலர்த்திய பின்னரே மாட்டுக்குப் போட வேண்டும். கன்னிப்பூ அறுப்பு மழையோடு வரும் ஆண்டுகளில், இயந்திரம் அறுத்த வைக்கோலை ஈரத்தோடே உருளையாகக் கட்டி அடுக்குவது, நோயைக் கட்டி அடுக்குவதற்கு ஒப்பாகும்.

நான்காவது, ஊர் முழுவதும் ஒரே காலத்தில் சிகிச்சை. முதலில் சாணியைக் கால்நடை மருந்தகத்தில் பூதக்கண்ணாடியால் சோதிப்பித்து, எப்புழு என்று அறிந்து, மிருக வைத்தியர் சொல்லும் மருந்தைச் சொல்லும் அளவில் எல்லா மாடுகளுக்கும், குறியற்ற எருமைகளுக்கும், கொடுக்க வேண்டும். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலைச் சங்கத்துக்கு ஊற்றலாகாது என்பதையும் அவரிடமே கேட்டுக் கடைப்பிடிக்க வேண்டும்.

ஐந்தாவது, ஆண்டுதோறும் மடைவாயிலும் துறைகளிலும் நீர்க்கொடியை வாரி எருக்குழியில் சேர்த்தல். குளம் முழுவதையும் மொட்டையடிக்க வேண்டுவதில்லை. மீனுக்கும் பறவைக்கும் கொடி வேண்டும். மாடும் மனிதரும் இறங்கும் இடங்களைச் சுத்தம் செய்வதே முக்கியம். பதிவு பெற்ற குளங்களில் இலாகாவின் அனுமதியோடு செய்ய வேண்டும்.

ஆறாவது, உரத்தை அளவோடு இடுதல். வயலுக்கு மிஞ்சியது குளத்துக்குப் போகிறது. குளத்துக்குப் போனது நத்தையாகிறது. நத்தையானது மாட்டின் ஈரலை வந்தடைகிறது. உரத்துக்கும் பணம் கொடுத்து, அது விளைத்த நோய்க்கும் பணம் கொடுப்பது சிக்கனமாகாது.

இவற்றுக்குச் செலவு யார் கொடுப்பது என்பது நியாயமான கேள்வி. முன்னே சொன்ன பசுவின் கணக்கைத் திரும்பவும் பார்க்கலாம். நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குறைந்தால் முந்நூறு நாள் கறவையில் 600 லிட்டர் நஷ்டம். அத்தகைய பசுக்கள் ஓர் ஊரில் இருபது இருந்தால் 12,000 லிட்டர். அதன் கிரயத்தை அங்கத்தினர்கள் தத்தம் ஊர் விலைப்படி பெருக்கிப் பார்க்கட்டும். தொட்டி கட்டும் செலவு அதனருகே சிறிதாகத் தோன்றும். சங்கத்தின் பொது நன்மை நிதி இத்தகைய காரியங்களுக்கே உரியது. மகாசபையில் தீர்மானம் செய்து, ஒரு தொட்டியிலும் ஒரு துறையிலும் தொடங்கி, இரண்டு போகம் கழித்துச் சாணிச் சோதனையின் பலனை முன்னைய பலனோடு ஒப்பிட்டால், உழைப்பு வீணா அன்றா என்பது புத்தகத்திலேயே தெரிந்துவிடும்.

கடன் கொடுப்பதும் தவணை பிரிப்பதும் மாத்திரம் கூட்டுறவு ஆகா. ஒருவருடைய முடையை எல்லோரும் தாங்குவதே அதன் தத்துவம். குளத்து ஜலம் அத்தத்துவத்தைச் சட்டம் எழுதப்படுமுன்பே நடத்திவருகிறது. ஒரு வீட்டுச் சாணி எல்லா வீட்டு மாட்டையும் சேர்கிறது. தீமையில் இவ்வாறு கூட்டாயிருக்கும் ஊர், காப்பிலும் கூட்டாயிருக்கத் தீர்மானித்தால், பாக்கிதாரர் வரிசையில் ஏறிய அந்த அங்கத்தினர் பெயர் அடுத்த ஆண்டுப் புத்தகத்தில் அவ்வரிசையில் இராது. அந்த ஒரு வரியை அடிப்பதற்கு வேண்டிய முயற்சியை இவ்வூர்ச் சங்கங்கள் இப்போகத்திலேயே தொடங்குமாக.